ஓலை வாசித்த ஞாயிறு

நாலு பேருக்கு முன்னால் நின்றால் எனக்குக் காது அடைத்துவிடும். முகங்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல அசையும். றஞ்சித் அண்ணைக்கும் அப்படித்தான். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கும் ஒரே பயம். ஆனால் குருநகரில், பெண் என்பதால் என்னை "அடக்கமான பிள்ளை" என்றார்கள். மீன் ஏலத்தில் விலை கேட்கக் குரல் எழும்பாத அண்ணையை, "உவனும் ஒரு ஆம்பிளையோ?" என்றார்கள். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒஸ்லோவில் இருக்கும் ஜெனிசுக்குப் பெண் பார்க்க அவனுடைய அக்கா றொசாந்தி வந்திருந்தாள். தேத்தண்ணீர்த் தட்டோடு நடுங்கி நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நோர்வேயில எண்டால் உதுக்கு டொக்டரிட்டைக் காட்டுவினம். ஆம்பிளை, பொம்பிளை எண்டில்லை."

பிறகு அம்மாவிடம் திரும்பி, "தம்பிக்கும் வாய் காட்டாத பிள்ளைதான் வேணுமாம்," என்றாள்.

அவ்வளவுதான். மௌனம் சம்மதம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்த அண்ணை மட்டும் தலை நிமிராமல் கேட்டான்.

"உனக்கு விருப்பமோ?"

இல்லையென்று தலையாட்டினேன். என் பேச்சே வேண்டாம் என்கிறவனோடு ஆயுள் முழுக்க எப்படி இருப்பது?

"அம்மாட்டைச் சொல்லன்."

"நீங்கள் சொல்லுங்கோவன்."

இருவருமே சொல்லவில்லை.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பூசையில் ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். மூன்றாம் ஞாயிறு, சாம்பிராணிப் புகை வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. திறந்த கதவால் கடல்காற்று வந்து சேலைகளை மெல்ல அசைத்தது. பீடத்தில் நின்று ஓலை வாசித்த சுவாமியின் குரல் எங்கோ தொலைவில் கேட்டது.

"கிறிஸ்துநாயகம், லூர்த்தம்மா ஆகியோரின் மகள் மேர்சி..."

அது நான்தான் என்று நம்ப முடியவில்லை. வேறு யாருடைய கல்யாணத்தையோ கனவில் பார்ப்பதுபோல் இருந்தது.

"தடை ஏதும் தெரிந்தவர்கள் அறியத் தரவும்."

எப்போதும் வெளியே பூவரசுக்குக் கீழே நின்றே பூசை காணும் அண்ணை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவிலுள்ள பாதையில் மெதுவாக, மிக மெதுவாக நடந்து வந்தான். சுவாமிக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கழுத்தில் வேர்வை வழிந்தது. ஆண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. எழும்பினேன். கால் நிலத்தில் இருந்ததோ என்று தெரியாது.

"சுவாமி, எனக்கு இந்தக் கலியாணத்தில விருப்பமில்லை. அதைச் சொல்லத்தான் அண்ணை வந்தவர்."

"இரடி!" என்று அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.

கல்யாணம் நின்றுபோனது. இப்போது என்னை வாய்க்காரி என்கிறார்கள். அண்ணையையோ, தங்கச்சியைக் கதைக்க விட்டுவிட்டுச் சும்மா நின்றவன் என்கிறார்கள். என் காதில் விழும்போதெல்லாம் நடுங்கி நடுங்கியே திருத்துகிறேன்.

"முதல் போய் நிண்டவர் அவர்தான்."