ஒற்றைக் கேள்வி

பிளீடர் பரீட்சையில் இரண்டு முறை தோற்ற அப்பாத்துரை மூன்றாம் முறை தேறிவிட்டான் என்று தந்தி வந்த அன்று, மிஷன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரான அவன் தகப்பனார் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டின வருஷம் அது.

அவனோடு சேர்ந்து தேறியவன் தில்லைநாயகம். திருநெல்வேலி டவுனில் நிலபுலன் உள்ள சைவக் குடும்பத்துப் பிள்ளை. இருவரும் வீரராகவபுரத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, வாசலில் இருவர் பெயரையும் எழுதிப் பலகை மாட்டினார்கள். வேதக்காரனும் விபூதிக்காரனும் ஒரே பலகையில் இருப்பதை ஊர் வேடிக்கை பார்த்தது. கட்சிக்காரர் மட்டும் ஒருவரும் வரவில்லை. அப்பாத்துரை கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு முன்சீப் கோர்ட்டுக்குப் போவான், மற்றவர்கள் வாதாடுவதைக் கேட்பான், திரும்பி வருவான்.

மூன்றாம் மாதம் மைதீன்பிச்சை வந்தான். கொழும்பில் கடை வைத்திருந்தவன். தகப்பன் இறந்து ஊர் திரும்பியபோது, பேட்டையில் இருந்த வீடு அத்தை கையில் இருந்ததாம்.

"தானப் பத்திரம்னு ஒண்ணக் காட்டுதாக வக்கீலையா. எங்க வாப்பா எழுதிக் கொடுத்தாகளாம். பொய்ப் பத்திரம்னு வாதாடணும்."

"அத்தை பேரு?"

"ஜுபைதா பீவி."

அப்பாத்துரை பேனாவைக் கீழே வைத்தான். அந்த அம்மாளை அவனுக்குத் தெரியும்.

பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவன் பாளையங்கோட்டையில் ஒரு வயதான வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தான். ஜுபைதா பீவி அங்கே யோசனை கேட்க வந்திருந்தாள். பத்திரம் மெய்யானதுதான். ஆனால் அண்ணன் அதை எழுதித் தன் பெட்டியிலேயே பூட்டி வைத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகு, மகள் புருஷனான மருமகனைக் கூட வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து அவளேதான் எடுத்தாள். கிழவர் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். முஸ்லிம் சட்டப்படி, தானம் கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பொருளை, பத்திரத்தையாவது, ஒப்படைத்திருக்க வேண்டும். "இத வெளியே மூச்சு விட்டுராதீங்கம்மா. எதிராளிக்குத் தெரிஞ்சா வீடு நிக்காது" என்றார். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த குமாஸ்தாவை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்த வக்கீல் அடுத்த வருஷமே காலமாகிவிட்டார்.

இந்த வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொல்ல வேண்டியதும் அதுதான். அப்பாத்துரைக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும், "காகிதத்த விட்டுட்டுப் போங்க, பாத்துக்கிடுதேன்" என்றான். உள்ளறையில் இருந்த தில்லைநாயகம் முதல் கட்சிக்காரன் வந்த சந்தோஷத்தில் வெற்றிலைத் தட்டோடு எழுந்து வந்தான்.

விசாரணை நாளில் ஜுபைதா பீவி வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கூண்டில் நின்றாள். பத்திரம் பொய்யா மெய்யா என்று கேள்விகள் வரும் என்று அவள் வக்கீல் தயாராக இருந்தார். அப்பாத்துரை அதைத் தொடவே இல்லை.

"அம்மா, ஒரே கேள்விதான். இந்தப் பத்திரத்த உங்க அண்ணன் எப்ப உங்க கையில கொடுத்தாரு?"

முன்சீப் தலையை நிமிர்த்தினார். அவள் கண்கள் அப்பாத்துரையைத் தாண்டிக் கூட்டத்துக்குள் எதையோ தேடின. கடைசி பெஞ்சில் இருந்த மருமகன் பீர்முகம்மதின் மேல் போய் நின்றன.

"கொடுக்கல" என்றாள். "அவுக மவுத்தான பெறகு நானா எடுத்தேன். சத்தியம் பண்ணிட்டு நிக்கேன், பொய் சொல்லமாட்டேன்."

தீர்ப்பு மைதீன்பிச்சைக்கு ஆனது.

அதற்குப் பிறகு வீரராகவபுரத்து வீட்டு வாசலில் செருப்புக்கு இடமில்லாமல் போயிற்று. வள்ளியூரிலிருந்தும் ராதாபுரத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். 'ஒத்தக் கேள்வி வக்கீல்' என்று அவனுக்குப் பெயரே விழுந்துவிட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடக்கம் என்று நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலில் தகப்பனார் நாலு பேரிடம் மகனைக் காட்டிப் பேசும்போது, பூமி வாய் பிளக்காதா என்றிருந்தது அவனுக்கு.

ஒருநாள் தில்லைநாயகம் கோர்ட்டிலிருந்து வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "அந்தப் பேட்டை வீட்டம்மா இருக்காள்ல, மகளைக் கூட்டிட்டு வந்து தன்கூட வச்சிருக்காளாம். மருமகன்தான் மைதீன்பிச்சைகிட்ட விஷயத்தச் சொல்லிட்டான்னு. ஜமாத்துல பிரிச்சு விடச் சொல்லி நிக்காளாம்."

அப்பாத்துரை எழுந்து வாசல் கதவைச் சாத்தினான். உட்கார்ந்தான். நடந்ததைச் சொன்னான்.

தில்லைநாயகம் எதிரே வந்து உட்கார்ந்தான். பிறகு, "அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே வே. வழக்கே வேண்டாம்னு சொல்லியிருப்பேனே" என்றான்.

"அதனாலதான் சொல்லல."

"இப்ப அங்கன போகாதீரும். புகார் எழுதிப் போட்டா உம்ம வக்கீல் சன்னதே போயிரும்."

அப்பாத்துரை கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு வேட்டி சட்டையோடு கிளம்பினான்.

மேலப்பாளையத்தில் ஜுபைதா பீவி ஓர் ஓட்டு வீட்டில் ஒரு பாதியில் குடியிருந்தாள். மகள் மஹ்மூதா பீவி திரைக்குப் பின்னால் இருந்தாள். அப்பாத்துரை நின்றுகொண்டே சொல்லி முடித்தான். "உங்க மருமகன் வாயத் திறக்கல. நான்தான் அன்னிக்குக் கதவோரம் நின்னு கேட்டவன்."

திரைக்குப் பின்னால் ஒரு விசும்பல் எழுந்து அடங்கியது. ஜுபைதா பீவி அவனை இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? அவன் தறிக்கூடத்துல இருக்கான். அங்கன வந்து நாலு பேரு கேக்கச் சொல்லும்."

அவள் முன்னே நடந்தாள். அவன் தலைகுனிந்து பின்னால் போனான். தறிக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நெய்துகொண்டிருந்தார்கள். வந்த இருவரையும் கண்டதும் தறிகளின் நாடாச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அப்பாத்துரை அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னான். முதல் தடவை குரல் எழும்பவில்லை. "சத்தமாச் சொல்லும்" என்றார் மூலையில் இருந்த ஒரு பெரியவர். திரும்பவும் சொன்னான்.

பீர்முகம்மது குழித்தறியிலிருந்து பைய எழுந்து வந்தான். அப்பாத்துரையை அவன் பார்க்கவே இல்லை.

"மாமி, நான் குரான் மேல கை வச்சுச் சொன்னேன். நீங்க நம்பல. இந்த வக்கீலு வந்து சொல்லுதாரு, நம்புதீக."

ஜுபைதா பீவி துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன்னால் அந்த அம்மாளுக்கும் தலைகுனிவு வந்ததை அப்பாத்துரை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தது. வசவுக்கும் அடிக்கும் துணிந்து வந்திருந்தான். இதற்கு அவன் தயாராக இல்லை.

அன்று சாயங்காலமே பீர்முகம்மது மஹ்மூதாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். மாமியாரைக் கூப்பிடவில்லை. ஒரு பெருநாள் கழிந்த பிறகுதான் கூப்பிட்டான்.

அந்த அம்மாளுக்கு ஓர் அறையாவது விடும்படி அப்பாத்துரை மைதீன்பிச்சையைப் போய்க் கேட்டான். "நீங்க யாருக்கு வக்கீலு?" என்று அவன் சிரித்தான். வீடு விலையாகி வேறு கைக்குப் போய்விட்டது.

புகார் ஏதும் வரவில்லை. ஆனாலும் தில்லைநாயகம், "நாம தனித்தனியா இருப்போம்" என்றான். அப்பாத்துரை சரி என்றான். அம்பாசமுத்திரம் கோர்ட்டுக்கு மாறிப் போனான். அங்கே ஒரு சின்ன அறை. அவன் பெயர் மட்டும் எழுதிய பலகை. கட்சிக்காரர் வந்து உட்கார்ந்தால், வழக்கைச் சொல்ல விடுவதற்கு முன் எதிராளியின் பெயரைக் கேட்பான். கேட்ட பிறகும், அடுத்த கேள்விக்குப் போக அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.