தப்பில்லாத மனு

பரந்தாமன் வாத்தியாருக்கு இங்கிலீஷில் கைவந்தது ஒன்றே ஒன்றுதான்: எது எங்கே இருக்கிறது என்று சொல்வது. 'தேர் ஈஸ் எ கேட் அண்டர் தி டேபிள்' என்று பதினோரு வருஷமாக ஆவடிப் பிள்ளைகளைக் கத்தவைத்தவர். மேசைக்கடியில் பூனையையும் பெட்டிக்குள் எலியையும் உட்காரவைத்தே காலத்தை ஓட்டிவிட்டார், பாவம்.

யுத்தத்துக்காகப் பட்டாளம் வெள்ளானூர்ப் பக்கம் நிலம் எடுக்க வந்தபோது, அங்கே நிலம் வைத்திருந்த வேம்புலி அவரைத்தான் தேடி வந்தான்.

"நெலம் போனா போவட்டும் வாத்தியாரே. கெணத்தாண்ட கீற வேப்பமரத்த மட்டும் உட்டுடச் சொல்லி எழுதிக் குடுங்க. அதுங்கீழதான் எம் பொண்ணப் பொதச்சிக்கீறேன்."

அம்மை வாரிக்கொண்டுபோன நாலு வயசுக் குழந்தை. வாத்தியார் உடனே பேனாவைத் தேடி எடுத்தார். எழுத உட்கார்ந்ததும் தெம்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. மரத்துக்குக் கீழே ஒரு குழந்தையின் சமாதி இருக்கிறது. இருக்கிறது என்று பிழையில்லாமல் எழுதிவிட்டால் யாரால் இல்லையென்று சொல்ல முடியும்? அப்படித்தான் நம்பினார் மனுஷன்.

கூடாரத்தில் வெள்ளைக்கார அதிகாரி மனுவை நிதானமாகப் படித்தான். சிவப்புப் பென்சிலை எடுத்தான். எங்கேயோ தப்பு விட்டுவிட்டோம் என்று நினைத்தார் வாத்தியார். அவனோ சிரித்து, "நல்ல இங்கிலீஷ். ஒரு தப்புகூட இல்லை" என்றான். பிறகு அதே பென்சிலால், மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தில், கிணற்றையும் மரத்தையும் குறுக்கே வெட்டி ஒரு ரோடு போட்டான். மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

வேண்டாம் துரை என்று கெஞ்ச வாத்தியாருக்கு வாய் வரவில்லை. எது எங்கே இருக்கிறது என்பதற்குமேல் அவருக்கு இங்கிலீஷ் கிடையாது.

வெளியே வேம்புலி ஓடிவந்தான். "இன்னா சொன்னாரு?"

"தப்பே இல்லையாம்."

"அப்ப மரத்த உட்டுடுவாங்க!" வாத்தியாரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மனுவையும் வாங்கி மடியில் முடிந்துகொண்டான். உண்மையைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. கோழை.

மூன்றாம் நாள் கோடாலியோடு ஆட்கள் வந்தார்கள். வேம்புலி மரத்தை மறித்து நின்று, அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினான்.

"படிச்சிப் பாருங்கப்பா! எல்லாம் இதுல கீது!"

வந்தவர்களில் ஒருவனுக்கும் படிக்கத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள், வரப்பின்மேல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.