மாமனார் வந்துபோகும் அறை

செத்துப்போன பிறகும் என் மாமனார் சிகரெட்டை விடவில்லை என்றுதான் எங்கள் வீட்டில் நம்பினார்கள். ஊரே வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்துக்கு, அவர் படுத்திருந்த அறையில் புகை வாசனை கிளம்பும். அவர் பிடித்த அதே சிகரெட். உள்ளே ஆள் இருக்காது, ஜன்னல் சாத்தியிருக்கும். இப்போது அங்கே என் மகள் குட்டி தூங்குகிறாள், மூன்று வயசு.

"அப்பா வந்துட்டாரு" என்பார் நாத்தனார்.

கல்யாணமே வேண்டாமென்று அப்பாவைப் பார்த்துக்கொண்டவர். அவர் போன பிறகு மனுஷி வாய்விட்டுப் பேசியதே இந்த வாசனையோடுதான். அதனால் நானும் கொஞ்ச நாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன், எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

ஆனால் நாத்தனார் குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசனைக்கு நடுவில் உட்காரவைப்பார். "தாத்தா உன்னப் பாக்கத்தான் வர்றாரு, சிரி." குட்டிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்ல யாரு சிகரெட் பிடிக்கிறாங்க?" என்றார்.

"யாரும் இல்ல டாக்டர். பிடிச்சவர் போய்ச் சேர்ந்துட்டாரு."

"யாரோ பிடிக்கிறாங்க. இப்படியே விட்டா அடுத்த தடவை பிள்ளைய இங்க படுக்க வைக்க வேண்டியிருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் குட்டி இருமினாள். விட்டு விட்டு நாலு இருமல், பிறகு நீளமாய் ஒன்று, கடைசியில் ஒரு செருமல். அச்சு அசல் மாமனார். நாத்தனாரின் முகம் மலர்ந்துவிட்டது.

"எனக்கு மட்டும் ஒரு நாள்கூட அந்த வாசனை கிடைக்கலியே" என்று குறைப்பட்டார் என் வீட்டுக்காரர். அப்போதுதான் பாத்ரூமிலிருந்து வந்திருந்தார், வாயில் ஏலக்காய். வேலையிலிருந்து வந்ததும் பாத்ரூமுக்குள் புகுந்தால் லேசில் வெளியே வராத ஆள். குட்டி பிறந்த அன்றைக்கே, இனி வீட்டுக்குள் சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்தவர். அந்த ஏலக்காய் எனக்கு இடித்தது.

மறுநாள் அவர் உள்ளே போய்த் தாழ் போட்டதும், நான் குட்டியின் அறையில் ஸ்டூல் போட்டு ஏறினேன். சுவரின் உச்சியில் ஒரு வெண்டிலேட்டர் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் காற்றுக்காக விட்ட குறுகலான சந்து, மேலே மழைக்குத் தகரம் போட்டு மூடியிருந்தார்கள். அந்த இருட்டில், எதிரே பாத்ரூம் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் வழியே புகை வந்தது. மேலே போக வழியில்லாமல் சற்று நின்றது. பிறகு, பழகிய வீட்டுக்குள் வருகிற ஆள் மாதிரி அவசரமில்லாமல் என் முகத்தைத் தொட்டுக்கொண்டு அறைக்குள் நுழைந்தது. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தும், அதற்கு வழிவிட்டு ஒதுங்கினேன்.

பாத்ரூம் கதவைத் தட்டிய தட்டில் நாத்தனாரும் ஓடிவந்தார்.

"ஃபேன் போட்டுட்டுத்தான் பிடிக்கிறேன், எல்லாம் வெளிய போயிடும்னு நெனச்சேன்" என்றார் இவர். "பாத்ரூம் வீட்டுக்குள்ளயா கணக்கு?"

"பின்ன, பக்கத்து ஊர்லயா இருக்கு?"

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நானும் அப்பாதான்னு நம்பினேன்" என்று அழுதார். அது நடிப்பில்லை. பாக்கெட்டை அவரே என் கையில் கொடுத்தார், தண்ணீரில் முக்கிக் குப்பையில் போட்டேன்.

"அப்ப அப்பா வரவே இல்லியா?" என்று கேட்டார் நாத்தனார்.

வாசனை நின்றது. குட்டியின் மூச்சும் மெல்ல மெல்லச் சீரானது. நாத்தனார்தான் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். சாயங்காலமானால் அந்த அறையில் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு காத்திருப்பார். பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வரும்போது மாடிப்படியிலேயே அந்த வாசனை. அறைக்கதவு சாத்தியிருந்தது. திறந்தேன். நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், விரலிடுக்கில் சிகரெட். அவர் அதை வாயில் வைக்கவில்லை, அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. மடியில் குட்டி, கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டிருந்தாள், அதே இருமல். ஒவ்வொரு இருமலுக்கும் நாத்தனார் குனிந்து, "சொல்லுங்கப்பா" என்றார்.

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அண்ணி, மாமா வரணும்னா தெருவோட வரட்டும். இந்த வீட்டுக்குள்ள இனிமே அவருக்கு இடமில்ல."

என் வாழ்க்கையில் ஒரு மனுஷியிடம் இவ்வளவு கொடூரமாக நான் பேசியதில்லை. அவர் கோபப்படவில்லை. சிகரெட்டைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார், எழுந்து படியிறங்கிப் போனார்.

இப்போது தினமும் சாயங்காலம் தெருவின் எதிர்ச்சாரியில் நின்று ஒன்றைப் பற்றவைத்து, அது தீரும்வரை பக்கத்தில் வெறும் இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார். இன்றைக்குக் காற்று ஜில்லென்று அடிக்கிறது. குட்டி ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கையசைத்தாள்.

"அம்மா, அத்தை ஸ்வெட்டர் போட்டிருக்காங்க. தாத்தாவுக்குக் குளிராதா?"

"குளிரட்டும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஜன்னல் கொண்டி சரியாக விழுந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன்.