ஏணியா, கம்பா?

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரே வேன், ஒரே தொழில். ஆனால் கட்சி மட்டும் இரண்டு.

ஜன்னல் கண்ணாடி துடைப்பதில் அண்ணிக்குப் பதினோரு வருடப் பழக்கம். ஒரு வாளித் தண்ணீர், அதில் நாலு சொட்டு சோப்பு, கண்ணாடியை நனைக்க ஒரு பஞ்சுக் கட்டை, வழித்தெடுக்க பித்தளைப் பிடி போட்ட வைப்பர், ஒட்டியதைச் சுரண்ட ஒரு பிளேடு, சாய்த்து ஏற ஒரு ஏணி. இவ்வளவுதான் அவள் சொத்து. மேல் மூலையில் வைப்பரை வைத்தாளானால், கையை எடுக்காமல் இடமும் வலமுமாக வளைத்து வளைத்து இறக்கி, அடிச் சட்டத்தில்தான் நிறுத்துவாள். கண்ணாடியில் ஒரு கோடு இருக்காது.

நாத்தனாரை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. போகும்படி அவளும் எதுவும் செய்யவில்லை. மூன்று வருடங்களாக அண்ணியோடு சேர்ந்து வேலை பார்க்கிறாள். ஒருநாள் காலையில் வேனின் கூரைமேல் நீளமாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்து நீளும் கம்பு, நுனியில் பிரஷ், பிரஷ்ஷுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்.

"என்னடி இது, மீன் பிடிக்கப் போறியா?"

"மாடி ஜன்னலப் பிடிக்கப் போறேன் அண்ணி. தரையில நின்னே தேய்க்கலாம். இது உப்பு எல்லாம் வடிகட்டின தண்ணி. துடைக்கவே வேண்டாம், கறை விழாம தானா காஞ்சிரும்."

"துடைக்காமலே காயுமா? குளிச்சிட்டுத் துவட்டாம வர்றவங்க சொல்ற சாக்கு மாதிரியில்ல இருக்கு!"

அண்ணி இப்படி எகிறியதற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்னால் ஒரு கடைச் சுவரில் சாய்த்திருந்த ஏணி சாண் அளவு சறுக்கி நின்றது. அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஏழாவது படியைத் தாண்டினால் அவள் முழங்கால் வெடவெடவென்று ஆடத் தொடங்கிவிடும். இதைக் கணவனிடம்கூட அவள் மூச்சுவிடவில்லை. கம்பு வேண்டும் என்று சொன்னால், திடீரென்று ஏன் என்ற கேள்வி வரும். அதனால் வேண்டாம் என்று இரண்டு மடங்கு சத்தம் போட்டாள்.

கடைசியில், அன்று போக வேண்டியிருந்த அலுவலகக் கட்டடத்தில் ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. இடது பக்கம் அண்ணி, வலது பக்கம் வாலு. கட்டடத்தின் மேலாளர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கண்ணாடி பளிச்சுனு இருந்தா சரி. ஏணியில ஏறுங்க, பறந்து வந்து துடைங்க, உங்க இஷ்டம்" என்றார்.

தரைத்தளத்தில் அண்ணிதான் ராணி. வாலு குழாயை மாட்டிச் சிக்கெடுப்பதற்குள் ஆறு கண்ணாடிகளை முடித்துவிட்டாள். ஒன்றில் சுவருக்கு அடித்த பெயிண்ட் தெறித்திருந்தது. நன்றாக நனைத்து, பிளேடைச் சாய்த்துப் பிடித்து, ஒரே இழுப்பில் எடுத்தாள். வாலுவின் பக்கமும் அதே பெயிண்ட். அவள் பிரஷ் தேய் தேய் என்று தேய்த்தது. புள்ளி அசைந்து கொடுக்கவில்லை.

"என்ன, உன் மந்திரத் தண்ணி பெயிண்டப் பார்த்துப் பயந்துருச்சா?"

முதல் மாடியில் ஆட்டம் மாறியது. வாலு நின்ற இடத்திலிருந்தே நாலு ஜன்னல்களைத் தேய்த்துக் கழுவினாள். ஆனால் மேல் சட்டத்தின் அழுக்கை முதலில் கழுவ மறந்திருந்தாள். அது கறுப்புக் கண்ணீராக வழிந்து கண்ணாடியைக் கெடுத்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நடுவில் ஒரு காற்று வந்து கம்பை ஆட்ட, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மேலாளரின் வழுக்கைமேல் தண்ணீர் தெறித்தது. அவர் வானத்தைப் பார்த்தார். வாலு தரையைப் பார்த்தாள்.

அண்ணி முதல் மாடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். இரண்டாம் மாடிக்கு ஏணியை நீட்டி ஏறினாள். கண்ணாடியை நனைத்தாள், வழித்தாள். இறங்கலாம் என்று காலை எடுத்தபோது ஏணி கிறீச்சென்றது. அவ்வளவுதான். கால் இரண்டும் படியோடு ஒட்டிக்கொண்டன.

சும்மா நிற்க முடியுமா? உள்ளே மேசைக்கு முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். அதனால் அண்ணி அதே கண்ணாடியை மறுபடி வழித்தாள். அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஐந்தாவது தடவை அவன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான். எட்டாவது தடவை, 'சுத்தமாகிவிட்டது, நன்றி' என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினான். அண்ணி தலையாட்டிவிட்டு ஒன்பதாவது தடவை வழித்தாள். அவன் போய் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அதில் ஒருத்தி, பாவம், அண்ணிக்கு உதவட்டும் என்று ஒரு புள்ளியைச் சுட்டிக்காட்டினாள். அது உள்பக்கத்துப் புள்ளி.

கீழேயிருந்து குரல் வந்தது. "அண்ணி, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. கறை."

"இவ்வளவு நேரமாவா?"

"பெரிய கறைடி!"

வாலு கம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்தாள். பயப்படாதீங்க என்று சொல்லவில்லை.

"அண்ணி, நீங்க கீழ முடிச்ச மூணாவது கண்ணாடியில ஒரு கோடு இருக்கு."

"என் கண்ணாடியிலயா? பொய்!"

"இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும். ரோட்டுல போறவங்களுக்கே தெரியுது."

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" ஒரு கால் ஒரு படி இறங்கியது.

"ரெண்டு கோடு அண்ணி. இப்பத்தான் பார்த்தேன்."

"இரு, வரேன்!" இன்னொரு படி. "வைப்பர் ரப்பர் முந்தாநாள்தான் மாத்தினேன்." இன்னொன்று. "கோடு இல்லைன்னா உன் வாலை ஒட்ட நறுக்கிருவேன்."

திட்டிக்கொண்டே வந்ததில் தரை வந்ததே தெரியவில்லை. நேராகப் போய் மூன்றாவது கண்ணாடியைப் பார்த்தாள். முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் போல இருந்தது.

"எங்கடி கோடு?"

"காஞ்சு போச்சு போல."

அண்ணி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே கண்ணீரும் வந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு மாசமா. ஏறும்போது ஏதாவது பாடிக்கிட்டே ஏறுவீங்க. இப்ப வாயே திறக்கறதில்ல. கேட்டா என்னைக் கடிச்சுத் துப்பியிருப்பீங்க. அதான் கம்பு வாங்கினேன்."

"அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லியிருக்கலாம்ல?"

அண்ணி மூக்கை உறிஞ்சிவிட்டு எழுந்து, "கொண்டா அதை" என்று கம்பைக் கையில் வாங்கினாள். தூக்கிப் பிடித்ததும் தண்ணீர் முழங்கை வழியாக ஓடி அக்குள்வரை போனது. "ஐயோ, சில்லுனு இருக்கே!" என்று குதித்தாள். ஆனால் மேல் சட்டத்தை முதலில் கழுவ அவள் மறக்கவில்லை. வாலு பிளேடை எடுத்துக்கொண்டு தரைத்தளத்துப் பெயிண்டைச் சுரண்டப் போனாள்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. மேலாளர் தலையில் ஒரு தொப்பியோடு வந்து கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். எது கையால் துடைத்தது, எது கம்பால் துடைத்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. யார் ஜெயித்தது என்று அவரும் கேட்கவில்லை.

அன்று மாலை அண்ணி கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கைக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று அவன் அரைமணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

இப்போது உயரத்துக்கெல்லாம் கம்பு. தரைத்தளத்துக்கும் உள்பக்கத்துக்கும் கை. கம்பு பிடித்தால் அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்கிறது என்பதால், அரைமணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று ஒப்பந்தம். அண்ணியின் அரைமணி இருபது நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது என்று வாலு வீட்டில் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.