மலையில் ஓடியது, சேலத்தில் நின்றது

1

இந்தக் கதையில் பாதியை நான் நேரில் பார்த்தேன். மீதிப் பாதியை அமலி சொன்னார். இரண்டையும் ஒட்டுகிற இடத்தில் ஒரு விரிசல் இருக்கிறது. அதை எப்படிப் பூசுவது என்று தெரியாமல்தான் இத்தனை வருடம் எழுதாமல் இருந்தேன். இப்போதும் தெரியவில்லை.

தொண்ணூற்றேழாம் வருடம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பெரியநாயகம் என்பவருடைய அச்சகத்தில் நான் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகைதான் அங்கே முக்கிய வேலை. வைகாசி முகூர்த்தங்களுக்குள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அதை ஏற்காட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி சேர்ந்து, பாகம் பாகமாக வாங்கிப் பூட்டித் தருகிறார்களாம் என்று யாரோ சொன்னார்கள்.

முதல் வரியாக நான் எழுதிப் பார்த்தவை இவை.

'ஏற்காட்டில் அன்று காலை பனி இறங்கி—' வேண்டாம். ஏற்காடு என்றாலே பனியில் தொடங்குவது சோம்பேறித்தனம்.

'கம்ப்யூட்டருக்கும் மனித மூளையைப் போலவே ஒரு நினைவு—' இதையும் அடித்துவிட்டேன். கதையில் மெமரி என்ற பொருள் அடிக்கடி வரப்போகிறது. அதை நினைவு என்று மொழிபெயர்த்து உங்களை உருக வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அமலிக்கு மெமரி என்றால் மெமரி. ஓரத்தில் தங்கப் பல் வரிசை வைத்த பச்சை நிறப் பட்டை, அவ்வளவுதான்.

ஆகவே நேராகப் போகிறேன்.

2

அமலியின் கணவர் லூர்துராஜ் ஏற்காடு கடைவீதியில் டிவி ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். மலையில் டிவி பார்ப்பதென்றால் அந்தக் காலத்தில் பாதி வேலை ஆன்டெனாவைத் திருப்புவதுதான். எஸ்டேட் குடியிருப்புகளின் கூரைமேல் ஏறி நின்று 'இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா' என்று அவர் கேட்கும் குரல் எல்லோருக்கும் பழக்கம்.

அமலி எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்ட். ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. வேலையை விட்டுவிட்டு, சேலத்தில் ஹார்டுவேர் கோர்ஸில் சேர்ந்தாள். தினமும் பஸ்ஸில் இறங்கி ஏறினாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண்.

(இங்கே ஒரு குறிப்பு. கதைக்குள் அமலி 'அவள்'. வெளியே, என்னிடம் பேசும்போது 'அவர்'. ஒரே ஆளை இரண்டு விதமாகக் கூப்பிடுவது எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் அவள் என்று எழுதினால்தான் என்னால் பக்கத்தில் போய் நிற்க முடிகிறது.)

பெரியநாயகத்தின் ஆர்டர்தான் அவர்களுக்கு முதல் ஆர்டர். சாமான்களைச் சென்னைக்குப் போய் வாங்கி வந்தார்கள். வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் செய்தித்தாள் விரித்து, பூட்டத் தொடங்கினார்கள். வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மெமரியை லூர்துராஜ் பொருத்தினார். ப்ராசசரை அமலி யாரையும் தொட விடவில்லை. அதுதான் மொத்தக் கணக்கையும் போடுகிற சில்லு. வேலை செய்யச் செய்யச் சூடாகும். சூட்டை இழுத்துக்கொள்ள அதன் தலையில் வரிவரியாக வெட்டிய அலுமினியக் கட்டி ஒன்று. அதன்மேல் குட்டி ஃபேன். கட்டி அசையாமல் உட்கார, ஒரு கம்பிக் கிளிப் இரண்டு பக்கமும் கவ்வ வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளிப்பை அழுத்தினாள். 'டக்' என்று சத்தம் கேட்டது.

சுவிட்சைப் போட்டார்கள். மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. உள்ளேயிருந்து நீளமாக ஒரு பீப். நின்று, மறுபடி ஒரு பீப்.

அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று அமலிக்கு வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மெமரி சரியாக உட்காரவில்லை. லூர்துராஜ் பட்டைகளைக் கழற்றினார். பென்சில் ரப்பரால் தங்க விளிம்பைத் தேய்த்துத் துடைத்தார். மறுபடி சாய்த்து வைத்து நிமிர்த்தினார். இந்த முறை திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

அமலி சிரித்தாள். பக்கத்து வீட்டு மாதம்மாள் வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்தார். அவரிடம், "எங்க ஊட்டுக்காரருக்கு மெமரி கொஞ்சம் கம்மிங்க்கா" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். மாதம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சேர்ந்து சிரித்தார். லூர்துராஜ் ரப்பர் துகளை ஊதிக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பைப் பற்றி அமலி என்னிடம் சொன்னபோது, ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னார். ஆகவே கதையில் அது இருக்க வேண்டும்.

3

மலையில் அந்த கம்ப்யூட்டர் ஒரு வாரம் கோளாறே இல்லாமல் ஓடியது. காலையில் போட்டால் சாயங்காலம் வரை ஓடும். பிறகு பஸ்ஸில் கொண்டுவந்தார்கள். கேபினெட் அமலியின் மடியில், மானிட்டர் லூர்துராஜின் மடியில். வழியெல்லாம், "புது டிவிங்களா?" என்ற கேள்வி. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டு பேரும் பிள்ளையைப் போல அதை அணைத்துக்கொண்டார்களாம்.

இனி நான் பார்த்தது. அச்சகத்தில் அதற்கென்று ஒரு அறையைத் தடுத்து, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மானிட்டருக்குச் சந்தனம் வைத்தாயிற்று. ஏசி வாங்கவில்லை. சித்திரை மாதத்துச் சேலம். பெரியநாயகம் உட்கார, அமலி பக்கத்தில் நின்று எந்த விசையில் எந்த எழுத்து என்று காட்டினாள். ஒரு பத்திரிகையின் முதல் நாலு வரி வந்திருக்கும். 'நிகழும் மங்களகரமான' என்பதோடு திரை அப்படியே உறைந்துவிட்டது. மவுஸை ஆட்டினால் அம்புக்குறி அசையவில்லை. அணைத்துப் போட்டார்கள். முன்னைவிடச் சீக்கிரமாக நின்றது.

பெரியநாயகம் கோபப்படுகிறவர் அல்லர். முகூர்த்தம் நெருங்குவதை மட்டும் சொன்னார். என்ன கோளாறு என்று அமலியிடம் கேட்டார். அமலி வாயைத் திறப்பதற்குள் லூர்துராஜ் சொன்னார்: "மெமரியாத்தானுங்க இருக்கும். அது நான் போட்டது."

திரும்ப மலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது ஓடியது. நாள் முழுக்க ஓடியது. பஸ் குலுக்கலில் மெமரி நகர்ந்திருக்கும் என்று லூர்துராஜ் முடிவு கட்டினார். ஒவ்வொரு பட்டையாக மாற்றி மாற்றிப் போட்டுச் சோதித்தார். எல்லாமே வேலை செய்தன. கோளாறு பிடிபட்டால்கூட ஒரு மாதிரி. பிடிபடாமல் இருப்பதுதான் ஆளைத் தின்னும்.

ஒரு சாயங்காலம் அவர் கேபினெட்டை மூடிவிட்டுச் சொன்னார்: "இது எனக்கு ஒத்து வராது அமலு. என் கை டிவிக்குப் பழகுன கை. இந்தத் தொழில நீ தனியாப் பண்ணு. நொம்ப நல்லா வருவ."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமே இல்லை என்பதுதான் அமலியைச் சுட்டது. தனியாக வரவா அவள் இத்தனை மாதம் பஸ் ஏறினாள்? கடைக்குப் பெயர்கூட இரண்டு பேர் பெயரிலும் முதல் எழுத்தை எடுத்து யோசித்து வைத்திருந்தாள்.

4

இரண்டாவது தடவை இறங்கும்போது பஸ் அடிவாரத்தில் நின்றது. ஜன்னல் வழியாக வெக்கை முகத்தில் அடித்தது. அமலி ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து மடிமேல் இருந்த கேபினெட்டின்மேல் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

குலுக்கலில் நகர்ந்தது என்றால், திரும்ப மலைக்குப் போனதும் எப்படிச் சரியாகும்? ஏறும்போதும் அதே வளைவுகள்தானே. மேலே குளிர். கீழே வெக்கை. வெக்கையில் நிற்கிறது என்றால் அது மெமரி இல்லை. ப்ராசசர். அவள் யாரையும் தொட விடாத ப்ராசசர்.

பக்கத்தில் லூர்துராஜ் மானிட்டரைக் கட்டிக்கொண்டு கண்மூடி இருந்தார். சொல்லியிருக்கலாம். அடிவாரத்திலிருந்து செவ்வாய்ப்பேட்டை வரை சொல்ல நேரம் இருந்தது. அமலி சொல்லவில்லை.

(ஏன் என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். 'படித்தவள் என்ற கர்வம்' என்றெல்லாம். அதைப் படித்துவிட்டு அமலி, "கர்வமெல்லாம் இல்லீங்க, பயம்" என்றார். பத்தியை எடுத்துவிட்டேன்.)

அச்சகத்தில் போட்டார்கள். ஓடியது. நின்றது.

லூர்துராஜ் கேபினெட்டைத் திறந்தார். அவர் உள்ளே கைவிட்டு என்ன செய்தார் என்பதை அமலி பார்க்கவில்லை. பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அறை வாசலுக்கு எதிர் மேசையில் இருந்த நானும் பார்க்கவில்லை. ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயரே விட்டுப்போயிருந்தது. நான் அந்தப் பதற்றத்தில் இருந்தேன்.

விரிசல் இதுதான்.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்தார். "அண்ணா, வாங்க, ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்" என்று பெரியநாயகத்தைத் தோளில் கைவைத்துக் கூப்பிட்டார். அமலியிடம், "நீ ஒருக்கா சும்மா பாரு கண்ணு" என்றார். முகத்தில் வித்தியாசமாக ஒன்றும் இல்லை. அதை நான் பார்த்தேன். அதற்கு நான் சாட்சி.

அவர்கள் போனதும் அமலி உள்ளே விரல் விட்டாள். அலுமினியக் கட்டியின் ஒரு ஓரம் கொதித்தது. மறு ஓரத்தில் அந்தச் சூடு இல்லை. கிளிப் ஒரு பக்கம்தான் கவ்வியிருந்தது. மறுபக்கம் கொக்கிமேல் சும்மா உட்கார்ந்திருந்தது. கட்டி மயிரிழை சாய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அன்றைக்குக் கேட்ட 'டக்' ஒரு பக்கத்துச் சத்தம்.

சூடு தணியக் காத்திருந்து, கழற்றி, நேராக வைத்து அழுத்தினாள். இந்தப் பக்கம் ஒரு டக். அந்தப் பக்கம் ஒரு டக்.

அவர்கள் திரும்பி வந்தபோது பத்திரிகை முக்கால்வாசி திரையில் ஏறியிருந்தது. மத்தியான வெயிலில் அந்த அறை அடுப்பு மாதிரி இருந்தது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. "மெமரிதானுங்களா?" என்று பெரியநாயகம் கேட்டார். அவர் கேட்டது லூர்துராஜைப் பார்த்து.

லூர்துராஜ் சொன்னார்: "மெமரிதானுங்க."

அமலி சும்மா இருந்தாள்.

5

இனி முடிவு. நான் எழுதிப் பார்த்தவற்றை மறைக்காமல் கீழே வைக்கிறேன்.

அ. பஸ் மலையேறுகிறது. அமலி அவர் தோளில் சாய்ந்து, 'ஏனுங்க, அது மெமரி இல்லீங்க' என்கிறாள். அவர் சிரிக்கிறார். பஸ் வளைவில் திரும்—

இல்லை. அமலி படித்துப் பார்த்து, அப்படி நடக்கவில்லை என்றார்.

ஆ. லூர்துராஜ் தானாகவே சொல்கிறார்: 'கை வெச்ச உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மொத ஆர்டர்லயே உன் பேரு கெடக் கூடாதுன்னுதான் டீக்குப் போனேன்.'

இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அமலி இதையும் வேண்டாம் என்றார். சொல்லியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும், ஆனால் சொல்லவில்லையே என்றார்.

நடந்தது இவ்வளவுதான். பஸ்ஸில் மடி காலியாக உட்கார்ந்து போனார்கள். வெறும் கையை எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அடிவாரம் தாண்டியதும் காற்று மாறியது. லூர்துராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். அவருடைய ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சிவந்த சூட்டுக்காயம் புதிதாக இருந்தது. கொதிக்கிற அலுமினியத்தைத் தொட்டதாக இருக்கலாம். டிவி மெக்கானிக்கின் விரல், ஈயம் உருக்குகிற சால்டரிங் சூடு பட்டதாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட காயம் அவர் கையில் எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். அமலி அந்த விரலைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். அவர் எடுத்துக்கொள்ள விட்டார். ஏற்காட்டு ஒண்டிக்கடை நிறுத்தம் வரை அப்படியே வந்தார்கள்.

மறுநாள் லூர்துராஜ் தொழிலை விடுவதைப் பற்றிப் பேசவில்லை. பிறகும் பேசவில்லை. அந்த வருடம் மலையிலேயே வெள்ளக்கடைக்கு ஒன்று, கரடியூருக்கு ஒன்று, சேலத்துக்கு இன்னும் சில என்று கம்ப்யூட்டர்கள் பூட்டிக் கொடுத்தார்கள். அவர் மெமரி போடுவார், அவள் ப்ராசசர் போடுவாள். யோசித்து வைத்திருந்த பெயரில் கடையும் வந்தது.

அச்சகத்தில் அந்த கம்ப்யூட்டர் வெகு நாள் ஓடியது. மழை நாளில் அதன் உள்ளே சுற்றும் குட்டி ஃபேனின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே நான் புரூஃப் பார்த்த மதியங்கள் இப்போதும் காதில் இருக்கின்றன. இன்றைக்கு உள்ளங்கையில் அடங்குகிற போனில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதில் எது கெட்டாலும் யாரும் திறந்து விரல் வைத்துப் பார்க்கப் போவதில்லை.

6

போன மாதம் அமலியிடம் நேராகவே கேட்டேன். கடையில் லூர்துராஜ் உள்ளறையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

"அவருக்கு அன்னைக்குத் தெரியுமா, தெரியாதா? நீங்க ஒரு நாளும் கேட்டதில்லையா?"

"இல்லீங்க."

"ஏன்?"

அமலி உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கேட்டா சொல்லிப்போடுவாருங்க."

அதற்குமேல் நானும் கேட்கவில்லை. லூர்துராஜுக்குத் தெரியும் என்றால், இத்தனை வருடம் அமலி சும்மா இருந்ததும் அவருக்குத் தெரியும். தெரியாது என்றால், அந்தப் பழியை அவர் இன்னும் தன்னுடையது என்றே சுமக்கிறார். எதை எழுதினாலும் யாரோ ஒருவருக்கு வலிக்கும். ஆகவே இரண்டையும் எழுதவில்லை.

ஏற்காட்டுக்குப் போனால் கடைவீதியில் அந்தக் கடை இருக்கிறது. லூர்துராஜ் பெரும்பாலும் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். நல்ல மனுஷர், எதைக் கேட்டாலும் மறைக்க மாட்டார். நீங்கள் கேட்கலாம்.

கேட்பதற்கு முன்னால், அமலி எங்கே நிற்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.