ஓசி வெயில்

மோட்டார் வெறும் காற்றைத்தான் இழுத்தது. நிறுத்திவிட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் சேறு, அதன் நடுவில் கொஞ்சம் கலங்கல். பாதாமில் பருப்பு பிடிக்கிற நேரம் இது. இப்போது தண்ணீர் பாய்ச்சாவிட்டால் ஓட்டுக்குள் சுருங்கிய தோல்தான் மிஞ்சும். ஒரு காயைப் பறித்துக் கல்லால் தட்டினேன். உள்ளே பாதி காலி. வேலிக்கு அந்தப் பக்கம், அண்ணன் தோட்டத்தில் தண்ணீர் வாய்க்கால் நிறைந்து வண்டிப்பாதையில் ஓடிக்கொண்டிருந்தது.

தோட்டத்தை அப்பா சரிபாதியாகத்தான் பிரித்துக் கொடுத்தார். மண்ணுக்கு அடியில் இருப்பதை யார் வேலி போட்டுப் பிரிப்பது? நான் மரத்தடியில் புல்லை வளரவிட்டு, வெட்டி அங்கேயே தரையைப் போர்த்துகிற மூடாக்காகப் போடுகிறவள். மண்ணுக்குள் கையை விட்டுப் பார்த்து, ஈரம் காய்ந்திருந்தால்தான் மோட்டார் போடுவேன். அண்ணன் பாஷையில் அது சோம்பேறி விவசாயம். அவன் தோட்டத்துத் தரை களைக்கொல்லி குடித்து மொட்டைத் தலை மாதிரி இருக்கும், எத்தனை தண்ணீர் விட்டாலும் மறுநாளே வெடிக்கும். டீசல் இன்ஜின் இருந்தவரை அந்தப் புகை என் அடுப்படிவரை வரும். ஆனாலும் டீசல் விலையை நினைத்தாவது மதியத்துக்குள் நிறுத்திவிடுவான். போன வருஷம் மானியத்தில் சோலார் பம்பு வந்தது. கூடவே ஆழ்துளைக் கிணற்றையும் இன்னும் ஆழமாக இறக்கினான். புகை ஒழிந்தது என்று முதலில் சந்தோஷப்பட்ட பைத்தியம் நான்தான்.

பொழுது விடிந்தால் ஓட ஆரம்பிக்கிற பம்பு பொழுது சாய்ந்தால்தான் நிற்கிறது. மதியத்தோடு நிறுத்தினால் என்ன என்று போன வாரமே போய்க் கேட்டேன்.

"வெயில் சும்மா அடிக்குது. நிறுத்தினா வீண்தானே?" என்றான்.

வெயில் வீணாகக் கூடாதாம், தண்ணீர் எக்கேடு கெட்டால் என்ன? ஓயாத பாய்ச்சலில் அவன் மரங்களே வேரில் நீர் தேங்கி மஞ்சளடிக்கத் தொடங்கியிருந்தன. உரம் போதவில்லை என்று அதற்கும் இரண்டு மூட்டை இறக்கினான்.

இன்று கிணற்றைப் பார்த்த கையோடு விறுவிறுவென்று வேலியைச் சுற்றிப் போனேன். போன நேரம், டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். சுற்றுச்சூழலைக் காக்கும் விவசாயி என்று அவனுக்கு விருதாம். சலவைச் சட்டையில், தொட்டியில் கொட்டுகிற தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, என் கிணறு வத்திடுச்சு. பம்ப நிறுத்துண்ணே."

அண்ணன் கல்நெஞ்சக்காரன் இல்லை, அதுதான் கொடுமை. நிஜமாகவே முகம் வாடிவிட்டது. "அடடா, முன்னாடியே சொல்றதுக்கென்னம்மா? இங்கருந்து உனக்கு ஒரு குழாய் போட்டுத் தர்றேன். வேணுங்கிற அளவு எடுத்துக்க."

மைக் பிடித்திருந்த பெண்ணுக்கு வாயெல்லாம் பல். "சூப்பர் சார். அக்கா, நீங்க இந்தத் தண்ணியில கைய நனைச்சுக்கிட்டே அண்ணனுக்கு நன்றி சொல்லுங்க. அதையும் எடுத்துக்கறோம்."

என் கிணற்றை உறிஞ்சிவிட்டு எனக்கே தானம். அதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டும்.

"யார் தண்ணிய யாருக்குத் தர்றே?"

"கேமரா முன்னாடி என்னம்மா பேச்சு இது," என்று குரலைத் தாழ்த்தினான்.

நேராக அவன் கொட்டகைக்குள் போனேன். பாதாம் உதிர்க்கும்போது மரத்தடியில் விரிக்கிற பெரிய தார்ப்பாய் சுருட்டி வைத்திருந்தது. தரதரவென்று இழுத்துவந்து சோலார் தகடுகளின்மேல் வீசினேன். பாதிதான் மூடியது. மறுபக்கம் போய் இழுத்தேன். "பிராந்தா பிடிச்சிருக்கு உனக்கு?" என்று அண்ணன் ஓடி வந்தான். கேமராக்காரர் எதைப் படம் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திரும்பினார்.

பம்பின் சத்தம் இறங்கியது. தொட்டியில் கொட்டிய தண்ணீர் கை தடிமனாகி, விரலாகி, நூலாகிச் சொட்டத் தொடங்கியது. அப்போது பார்த்துக் காற்று ஒரு மூலையைத் தூக்கியது. குழாய் இருமி, குபுக்கென்று ஒரு வாய் துப்பியது. ஓடிப்போய் அந்த மூலையை இழுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அண்ணன் எதிர் மூலையைப் பிடித்தபடி நின்றான். இழுக்கவில்லை, விடவும் இல்லை. உச்சி வெயில் எங்கள் இரண்டு பேர் தலையிலும் சும்மா அடித்துக்கொண்டிருந்தது.