ஒற்றை டெண்டர்

ஐந்தரைக்கு எழுகிறேன். பால் காய்ச்சுகிறேன். குளித்து, டப்பாவில் சோறு எடுத்துக்கொண்டு திண்டிவனத்தில் எட்டரை மணிப் பேருந்து ஏறுகிறேன். பத்துக்குள் விழுப்புரத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. அரசு ஆஸ்பத்திரிகளுக்கான கொள்முதல் பிரிவில் உதவியாளர்.

ஒரு நாள் தபாலில் என் மாமனார் அப்பாதுரையின் மனு இருந்தது. காணையில் கரும்பு வைத்திருப்பவர். நான் அரசு வேலையில் இருப்பது தெரியும். எந்தப் பிரிவு என்று தெரியாது. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் மகள் கலைப்பிரியா இறந்தாள். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் ரத்தம் வைக்கும் குளிர்பெட்டி இருந்திருந்தால் பிழைத்திருப்பாள், டெண்டர் ரத்தானதால் வரவில்லை என்று நர்ஸ் சொன்னார். அதற்கான டெண்டரை ஏன் ரத்து செய்தீர்கள்? இதுதான் மனு.

என் மனைவி. என் கோப்பு. பதில் வரைவும் நான்தான் வைக்க வேண்டும்.

அந்த டெண்டருக்கு ஒரே கம்பெனிதான் வந்திருந்தது. விலை நியாயமானது. ஏற்கலாம், அல்லது ரத்து செய்து மறுபடி கோரலாம். விதியில் இரண்டுக்கும் இடமுண்டு. முடிவு அதிகாரியுடையது. ஆனால் உதவியாளர் எழுதும் கடைசி வரிக்குக் கீழேதான் அவர் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். ஒற்றை டெண்டரை ஏற்றால் தணிக்கையில் கேள்வி வரும். எங்கள் பிரிவில் யாரும் ஏற்கலாம் என்று எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

மறு டெண்டருக்கும் அதே கம்பெனி மட்டுமே வந்தது. அவளுக்குக் காரியம் முடிந்த மறுவாரம் பெட்டி வந்து இறங்கியது.

நடந்ததை அப்படியே வரைவாக எழுதினேன். கண்காணிப்பாளர் சீனுவாசன் படித்துவிட்டுக் கிழித்தார்.

"நீயும் மாட்டிக்கினு அய்யாவையும் மாட்டி உடுவியா? சட்டம் குடுத்த அதிகாரத்துல ரத்து பண்ணோம். ஒரு வரி போதும்பா."

ஒரு வரி எழுதினேன். பச்சை மையில் கையெழுத்தானது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் அந்தக் கடிதத்தோடு வந்தார். குழந்தை அவர்களிடம்தான் வளர்கிறது. பல் முளைத்திருக்கிறது என்றார். பிறகு கடிதத்தை நீட்டினார்.

"படிச்சவரு நீங்க. இதுல காரணம் எங்க போட்டுக்கிறான், மாப்ள?"

போடவில்லை, மாமா என்றேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். உங்களைத்தான் கேட்டாள் என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேருந்துக்குப் போனார்.

அந்தக் கோப்பு வந்த புதிதில் அவளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். ரத்தானதைச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் விக்கிரவாண்டி தாண்டியபோது அவள் சொன்னது இதுதான்:

"ஏங்க, நம்ம ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பெட்டி வாங்கறோம்னு சொன்னீங்களே. அப்புறம் ஏன் இவ்ளோ தூரம் போறோம்?"